எனக்குப் பதில் ஒருத்தி

நர்சிங் டிப்ளமா முடித்த கையோடு பெரம்பலூரில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே டாக்டர் மேடம் என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். சின்ன ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இது ஒரு வழக்கம். சர்டிபிகேட் கையில் இருந்தால் நர்ஸ் சொல்லாமல் ஓடிவிடுவாளாம். ரெட்டிபாளையத்திலிருந்து கூடவே வந்திருந்த அப்பா, "நம்ம வூட்ல இருக்கறதவிட இங்க பத்திரமா இருக்கும்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த வயதில் எனக்கு நன்றாக வந்த வேலை அது ஒன்றுதான்.

ஊசி போட்டது பாதி நேரம். மீதி நேரம் மருந்துக் கவுண்டரில் பில் போட்டேன். ஆயா வராத நாட்களில் வார்டைக் கூட்டினேன். லீவு கேட்டால் மேடத்தின் முகம் சுண்டிவிடும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரிலேயே ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டார். ஆனாலும் காலையில் அந்தப் படி ஏறும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

இரண்டு வருடம் கழித்து, அரியலூர் பக்கம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸ் வேலைக்கு என் பெயர் வந்தது. திங்கட்கிழமை ஒரிஜினல்களோடு அரியலூரில் நிற்க வேண்டும். மேடத்திடம் போய்க் கேட்டேன்.

"போறதுன்னா போ, நான் தடுக்கல. உன் எடத்துக்கு ஒரு ஆள வுட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போ" என்றார்.

எங்கேயாவது புகார் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அந்த யோசனையே வரவில்லை. கூடப் படித்தவர்களுக்கு ஒவ்வொருத்தியாகப் போன் செய்தேன். எல்லோரும் விவரமானவர்கள், யாரும் வரவில்லை. கடைசியில் என் ஜூனியர் ஒருத்தியைக் கூப்பிட்டேன். விக்கிரமங்கலத்துப் பெண், அப்போதுதான் படிப்பை முடித்திருந்தாள்.

"நல்ல எடம்டி. எல்லா வேலையும் கத்துக்கலாம். மேடம் தங்கமானவங்க" என்றேன். இதில் எதுவும் முழுப் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் கூசுகிறது.

சனிக்கிழமை அவள் அம்மாவோடு வந்தாள். மேடம் கையை நீட்டியதும் என் பக்கம் திரும்பி, "அக்கா, ஒரிஜினல் கேக்குறாங்க... குடுத்துடவா?" என்று கேட்டாள்.

"குடு, ஒண்ணும் ஆவாது."

அவளுடைய கவர் பீரோவுக்குள் போனது. என்னுடையது வெளியே வந்தது.

வேலை கிடைத்தது. எனக்குப் பொருத்தமான வேலை இதுதான். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறேன், பெரியவர்களுக்கு பிரஷர் பார்க்கிறேன், போகிற வருகிறவர்கள் "சாப்டீங்களா சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று நான் ஒரு தடவைகூடப் போன் செய்து கேட்கவில்லை.

போன மாதம் அவளே கூப்பிட்டாள். திட்டட்டும், திட்டினால் எனக்கும் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அக்கா, எனக்கும் கவர்மென்ட் லிஸ்ட்ல பேர் வந்துருச்சு" என்றாள் சந்தோஷமாக. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "புதுசா முடிச்ச பொண்ணு யாராச்சும் இருந்தா சொல்லுங்கக்கா. நல்ல எடம்னு நானே பேசிக்கிறேன்" என்றாள்.

"பாக்குறேன்டி" என்றேன். போனை வைப்பதற்குள் இரண்டு பெயர்கள் என் மனதில் வந்துவிட்டன.