ஆனைமலையில் பேசிய வசனம்

இருபத்திரண்டு வருடம் நாடகத்தில் நடித்தேன். அம்மா ஒன்றுக்கும் வந்ததில்லை. "கூத்தாடியப் பெத்தவள்னு ஊரு பேசறது போதாதா? நான் வேற வந்து முன்னால குக்கிப் பாக்கோணுமா?" என்பாள். அந்தியூரிலும் பெருந்துறையிலும் கோயில் நோம்பிக்கு நாடகம் போட்டால், மைக் கெட்டுப்போனாலும் என் குரல் கடைசி வரிசைக்குப் போகும். அதில் எனக்குத் திமிர் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

தொண்ணூறுகளில் ஆனைமலைப் பக்கம் படம் எடுக்க வந்தவர்கள், கதாநாயகனுக்கு அம்மாவாக நடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய காட்சி ஒன்றுதான். வீட்டைவிட்டுப் போகிற மகனிடம் பேச வேண்டும். தொண்டை கட்டிவிடக் கூடாதென்று மூன்று நாள் வெந்நீர்தான் குடித்தேன். பேசி முடித்ததும் லைட் பிடித்தவர்கள்கூடக் கை தட்டினார்கள்.

சினிமா என்றதும் அம்மா இறங்கி வந்தாள். "கொட்டாய்லதான? அப்ப வாரேன்" என்றாள். அதற்குள் அவளுக்கு இரண்டு கண்ணும் மங்கிப்போயிருந்தன. முகம் தெரியாவிட்டால் போகட்டும், குரல் கேட்குமே என்று பொள்ளாச்சிக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைக் கேட்டுவிட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

என் காட்சி வந்தது. திரையில் நான் வாயைத் திறந்தேன். யாரோ ஒருத்தியின் கீச்சுக்குரல் வந்தது. சென்னையில் வேறு ஆளை வைத்துப் பேசவைத்திருக்கிறார்கள், பாவிகள்! மேடையில் பேசினால் பேசினதுதான். சினிமாவில் பேச்சைப் பிறகுதான் சேர்ப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா என் கையைச் சுரண்டினாள். "ஏங்கண்ணு, நீ எப்ப வருவே?"

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அழுகையும்தான். எழுந்து நின்றேன். "போறதுன்னா போ சாமி. ஒரு வாய் தின்னுபோட்டுப் போ" என்று என் வசனத்தை ஆரம்பித்தேன்.

"ஏனுங்கம்மா, உக்காருங்க! படம் பாக்க உடுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். கத்தட்டும். கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி முழுசாகப் பேசிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அம்மா என் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா வராம இருந்துபோட்டனே அம்மணி" என்றாள்.