மூன்று பறி மடவை

முத்துப்பேட்டையைப் பின்னால் விட்டுவிட்டு ஆற்றங்கரையோடு வடக்கே நடந்துகொண்டிருந்தேன். பையில் ஒரு லுங்கி, ஒரு சட்டை, அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. பஸ்ஸில் போயிருக்கலாம். ஆற்றைப் பார்த்துக்கொண்டே போகச் சொல்லியிருந்தார் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர். அதனால் நடை.

அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மீன் எதனால் சாகிறது?

லகூன் என்று நாங்கள் சொல்லும் காயலின் ஓரத்து அலையாத்திக் காட்டுக்குள் சேற்றை வெட்டி வாய்க்கால் போட்டிருந்தார். தண்ணீர் ஏறும்போது மீன் தானாக உள்ளே வரும். வற்றும்போது வாய்க்கால் வாயில் வலை கட்டினால் போதும். வருஷா வருஷம் சேறு வாராவிட்டால் வாய்க்கால் தூர்ந்துவிடும். அந்த வருஷம் வாருவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று அவருக்குப் புரியவில்லை. மடவை மீன் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தது. சவுதிக்கு மீன்பிடி வேலைக்கு ஆள் எடுக்கிற ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். மச்சானின் பாஸ்போர்ட் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது.

இறால் பண்ணைக் கழிவுதான் காரணம் என்றால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய் மதகை மூடச் சொல்லலாம். முகத்துவாரம் மணலடித்துக் கிடப்பதுதான் காரணம் என்றால் கடலிடம் யார் சொல்வது? டீக்கடையில் ஒருவர், வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார். பண்ணையில் வேலை பார்ப்பவர்கள் பண்ணையைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார்கள்.

மச்சானே ஒரு வழி கண்டுபிடித்தார். பிடித்த மீனைத் தண்ணீரிலேயே உயிரோடு வைத்திருக்க மூங்கில் சிம்பில் முடைந்த பறி வைத்திருந்தோம். மூன்று பறியில் மடவையைப் போட்டு, ஒன்றைப் பண்ணை வடிகால் வாயிலும், ஒன்றை முகத்துவாரத்துப் பக்கமும், ஒன்றை ஆறு வந்து சேரும் இடத்திலும் கழி நட்டுக் கட்டினோம். எந்தப் பறியில் சாகிறதோ அந்தத் தண்ணீர்தான் கெட்டது. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அதில் குறையே தெரியவில்லை.

மறுநாள் காலை ஆற்றுப் பறியில் எல்லாம் செத்திருந்தது. கடல் பக்கம் பாதி. பண்ணை வாயில் கட்டியது மட்டும் துள்ளியது. மச்சான் அந்தப் பறியைத் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"இப்ப யார்கிட்ட மாப்ள சண்டைக்குப் போறது?"

வீட்டுக்கு வந்து சொன்னதும் அக்கா, எதை முதலில் இறக்கினீர்கள் என்று கேட்டாள். பண்ணை வாய்தான் முதலில், அப்புறம் கடல், கடைசியாக ஆறு என்றேன். மீன் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் டிரம்மில்தான் படகில் வந்தது.

"அப்ப டிரம்முல கிடந்த நேரத்துக்குத் தக்கனதான் செத்திருக்கு. நீங்க தண்ணியவா பாத்தீங்க? டிரம்மப் பாத்திருக்கீங்க."

ஏன் இதை நேற்றே சொல்லவில்லை என்று மச்சான் கேட்டார். நேற்று என்னை யார் கேட்டார்கள் என்று அவள் உலையில் அரிசியைப் போட்டாள். சாயங்காலம் பண்ணையில் வேலை பார்க்கும் ஒருவர், பறி கட்டிய அன்றைக்குப் பண்ணை மதகைத் திறக்கவே இல்லை என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு தடவை பறி கட்ட மச்சானுக்கு மனசு வரவில்லை. "நீ எப்படியும் ஒரு இடத்துல தங்க மாட்ட மாப்ள. போறதுதான் போற, ஆத்தோட போ. மேல என்ன கலக்குறாங்கன்னு பாத்துச் சொல்லி அனுப்பு. அதுவரைக்கும் ஏஜெண்டுக்குப் பதில் சொல்லாம வெச்சிருக்கேன்."

பார்த்துக்கொண்டேதான் போனேன். ஓரிடத்தில் நுரை. ஓரிடத்தில் அரிசி ஆலைத் தண்ணீர் கறுப்பாக வந்து விழுந்தது. அதற்குள்ளேயே ஒருவர் தூண்டில் போட்டுக் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் தள்ளித் தண்ணீர் தெளிவாக இருந்தது; அங்கே மீன் ஒன்றும் அசையவில்லை. எதை நம்புவது என்று தெரியவில்லை.

இருட்டுவதற்குள் ஒரு பம்புசெட் கொட்டகையில் பையை வைத்தேன். வயல்காரர் விரட்டவில்லை. அவர் ஊர் ஆட்கள் எல்லாரும் திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். சம்பாவில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது, காலையில் மருந்து அடிக்க வருவாயா என்று கேட்டார். சோறு தீர்ந்திருந்தது. வருகிறேன் என்றேன்.

காலையில் முதல் வேலை, வரப்பை வெட்டி வயல் தண்ணீரை வடித்தது. தூரில் உட்கார்ந்திருக்கும் பூச்சி மேல் மருந்து பட வேண்டும் என்றால் தண்ணீர் நிற்கக் கூடாதாம். இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன்.

"வடிகாலுக்குப் போயி ஆத்துல விழும். ஏன், உங்க வீட்டுக்குள்ளயா வருது?"

வருகிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் இது மருந்துக்கு முன்னால் வடிக்கிற தண்ணீர். போன தடவை அடித்த மருந்து இதில் இருக்குமா, ஆற்றில் கரைந்து போகுமா, லகூன் வரைக்கும் போய்ச் சேருமா, எனக்கு எப்படித் தெரியும்? கிழக்கே மேகம் கட்டியிருந்தது. மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார் வயல்காரர். மச்சானுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமலேயே ஸ்பிரேயரை முதுகில் ஏற்றிக்கொண்டு வயலில் இறங்கினேன்.