நீர்க்காகம் 263, பாம்புத்தாரா 7

என் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார். நான் நடக்கவில்லை. அம்பத்தூரில் திருகாணி செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்த இடத்தில் திருகாணிகளை எண்ணி, நல்லது கெட்டது பிரித்துப் பழகிய உடம்பு. காரணமே இல்லாமல் நடப்பதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. கடைசியில் என் மனைவி சுமதி வாட்ஸப்பில் வந்த ஓர் அறிவிப்பைக் காட்டினாள். திண்டிவனத்தில் ஓர் இயற்கைப் பாதுகாப்புக் குழு பங்குனி மாதம் முழுக்க, ஞாயிறுதோறும் பறவை நடை நடத்துகிறதாம். கட்டணம் இல்லை. "காரணம் வேணும்னீங்களே, இந்தாங்க" என்றாள். மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்து ஆறு வருஷமாகப் பீரோவில் கிடந்த பைனாகுலரையும் துடைத்து வைத்துவிட்டாள். அதற்குமேல் தப்பிக்க வழியில்லை.

நடை தொடங்குவது காலை 5.45. சென்னையிலிருந்து அன்றைக்கே போய்ச் சேர முடியாது. அதனால் சனிக்கிழமை மாலை 4.10க்குக் கிளாம்பாக்கத்தில் விழுப்புரம் பேருந்தைப் பிடித்தேன். திண்டிவனத்துக்கு 95 ரூபாய். மதுராந்தகம் தாண்டும்வரை வண்டி ஊர்ந்தது, 6.40க்குத்தான் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு அருகே லாட்ஜில் தனி அறை 700 ரூபாய். வெந்நீர் உண்டு என்றார்கள். காலை எட்டு மணிக்கு மேல்தான் உண்டு என்பதைக் குளியலறையில் நின்றபோது தெரிந்துகொண்டேன்.

மரக்காணம் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கேதான் எல்லோரும் கூடுகிறார்கள். அன்று என்னோடு சேர்த்துப் பதினோரு பேர். குழுவை நடத்துவது ஜெயந்தி என்கிற நர்ஸ். முண்டியம்பாக்கத்தில் வேலை, ஐம்பது வயதிருக்கும், எல்லோருக்கும் அவர் சிஸ்டர். வார்டில் நோயாளிகளை அதட்டும் அதே குரலில் எங்களையும் அதட்டினார். தொப்பி வெள்ளையாக இருந்த ஒருவரைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார், என்னைச் சென்ட் ஏன் போட்டீர்கள் என்று கேட்டார். அவருக்கு வலது கை, போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் பாஸ்கர். முக்காலியில் நிற்கும் பெரிய தொலைநோக்கியைச் சுமப்பதும், சிஸ்டர் அதட்டியவர்களைச் சமாதானப்படுத்துவதும் அவர் பொறுப்பு.

டீ குடித்துக்கொண்டே சிஸ்டர் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் போகப்போகும் ஏரியின் நடுவில் கருவேல மரங்கள் இருக்கின்றன. அதில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கின்றன. குஞ்சுகள் பறக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் கலியபெருமாள். தண்ணீர் வற்ற வற்ற மீன்கள் ஓரிடத்தில் சேருகின்றன, பறவைகளுக்கு அது பந்தி போட்ட மாதிரி. மனிதர் வெறுத்துப்போய் விழுப்புரத்திலிருந்து ஒரு பை நிறைய வெடி வாங்கி வந்துவிட்டார். வெடித்தால் பெரிய பறவைகள் எழுந்து போய்விடும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் மிரண்டு தண்ணீரில் விழும், விழாதவை வெயிலில் காய்ந்து சாகும். புகார் கொடுக்கலாமே என்று நான் கேட்டேன். ஒரு வருஷம் புகார் கொடுத்து ஜெயித்தால் மற்ற வருஷமெல்லாம் அவர் விரோதியாகத்தான் இருப்பார் என்றார் சிஸ்டர்.

ஆகவே ஓர் ஒப்பந்தம். அன்றைய கணக்கெடுப்பில் நீர்க்காகம் இருநூறுக்குள் இருந்தால் கலியபெருமாள் பொறுத்துக்கொள்வார். இருநூறைத் தாண்டினால் அன்றைக்கே வெடி. போன வருஷம் இதே வாரத்தில் சிஸ்டர் நோட்டில் இருந்த எண்ணிக்கை 190. அந்த தைரியத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

6.05க்குப் பேருந்து. பன்னிரண்டு கிலோமீட்டர், பெண்களுக்கு இலவசம், எனக்குப் பதினைந்து ரூபாய். பெருமுக்கல் மலை தெரிகிற பக்கத்தில் இறங்கி இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக் கொல்லைகள் வழியே ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. ஏரியின் பெயரை எழுதமாட்டேன் என்று சிஸ்டரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். பயணக் கட்டுரையில் போன இடத்தின் பெயரையே மறைக்கும் முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன், மன்னிக்கவும். கரையில் கலியபெருமாள் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். குட்டையான, சிரித்த முகம். மொபெட்டின் முன்பக்கத்தில் அந்த வெடிப் பை தொங்கியது. எல்லோருக்கும் வேகவைத்த மல்லாட்டை கொண்டுவந்து கொடுத்தார். வெடி வைக்க வந்தவர் இவ்வளவு அன்பாக இருந்தால் கோபப்படுவது சிரமம்.

இந்தக் குழுவில் ஒரு வழக்கம், ஆளுக்கு ஒரு பறவை. ஒரு பழைய டிபன் பாக்ஸில் பறவைப் பெயர்கள் எழுதிய சீட்டுகள் இருக்கும். யாருக்கு எந்தச் சீட்டு வருகிறதோ, காலை முழுக்க அதை மட்டும் எண்ண வேண்டும். இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு பறவையை ஒருவர் மட்டும் பார்த்தால் நோட்டில் ஏறாது, இரண்டாவது ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்று நீர்க்காகம் சீட்டை மட்டும் தனக்கு எடுத்து வைக்கும்படி பாஸ்கர் கெஞ்சியிருக்கிறார். சிஸ்டர் மறுத்துவிட்டார். எனவே நான் கை விட்டு எடுத்த சீட்டில் நீர்க்காகம் என்று இருந்தது. பாஸ்கர் முகம் செத்துவிட்டது.

கலியபெருமாள் தனக்கும் ஒரு சீட்டு வேண்டும் என்றார். வந்தது பாம்புத்தாரா. "இத்த எனக்குத் தெரியாதா? உடம்பு தண்ணிக்குள்ள, கழுத்து மட்டும் வெளில, பாம்பு கணக்கா போவுமே" என்று சொல்லிவிட்டுக் கரை மேல் ஏறி உட்கார்ந்தார், என் பக்கத்திலேயே. அவருக்கு என் எண்ணிக்கை வேண்டும் அல்லவா.

நீர்க்காகத்தை எண்ணுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நாற்பத்தெட்டு என்று சொல்லி வாயை மூடுவதற்குள் நாற்பத்தாறும் நாற்பத்தேழும் முங்கிவிடுகின்றன. மேலே வருவது அதேதானா, வேறா? திருகாணி இப்படியெல்லாம் செய்யாது. நான்கு தடவை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பிறகு ஏரியை மனசுக்குள் ஆறு துண்டாகப் பிரித்து, ஐந்தைந்தாகக் கோடு போட்டேன். 130 தாண்டியபோது பாஸ்கர் பின்னால் வந்து குனிந்து, முங்கினதையெல்லாம் கழித்துவிடலாம் என்றார். 170இல் மறுபடி வந்து, தூரத்தில் இருப்பது காக்காயாகக்கூட இருக்கலாம் என்றார். 198இல் வந்தவர் பேச்சை விட்டுவிட்டு என் பைனாகுலரையே கையால் மறைத்தார். "போதும் சார், எண்ணிக்கினே போனீங்கன்னா பேஜாரு ஆயிடும்."

எனக்கும் ஆசைதான். கூடுகளில் குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு தாயின் தொண்டைக்குள் தலையை விட்டுத் தின்பதை அந்தப் பைனாகுலரில் நானே பார்த்தேன். ஒன்று கால் தடுமாறி விளிம்பில் தொங்கி, எப்படியோ ஏறிக்கொண்டது. 195 என்று சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். ஒத்திகையும் பார்த்தேன்.

8.40க்கு வேப்பமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். சிஸ்டர் நோட்டைத் திறந்து ஒவ்வொரு பறவையாகக் கூப்பிட்டார். நாமக்கோழி, முக்குளிப்பான், கூழைக்கடா என்று போய், நீர்க்காகம் என்றார். நான் வாயைத் திறந்தேன். "இருநூற்று அறுபத்து மூன்று" என்று வந்தது. இதை நேர்மை என்று யாரும் பாராட்ட வேண்டாம், இது வியாதி. இருபத்தாறு வருஷமாகத் தப்பான எண்ணை எழுதாத கை, வாயையும் கெடுத்து வைத்திருக்கிறது. சிஸ்டர் ஒரு விநாடி பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு 263 என்று எழுதினார். பாஸ்கர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கலியபெருமாள் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். பாம்புத்தாராவையும் முடித்துவிடலாம் என்றார் சிஸ்டர். எட்டு என்றார் கலியபெருமாள். அதில் ஏழு பறவைகளைப் பாஸ்கரும் தொலைநோக்கியில் பார்த்திருந்தார். எட்டாவது தூரத்து மரத்தில் இருந்ததாம். பாஸ்கர் முக்காலியைத் திருப்புவதற்குள் அது தண்ணீரில் குதித்து முங்கிவிட்டதாம். சிஸ்டர் 7 என்று எழுதினார்.

அந்த மனிதரின் சிரித்த முகம் அப்போதுதான் மாறியது. "நாலு வருசமா இந்த ஏரியிலயே கெடக்குறேன். என் கண்ணு பொய்யா சொல்லுது?"

"நானே ஒத்தையில பார்த்தாலும் எழுத மாட்டேங்க" என்றார் சிஸ்டர். போன வருஷம் அவர் மட்டும் பார்த்த ஓர் ஆந்தை இன்றுவரை நோட்டில் இல்லையாம். நாங்கள் எல்லோரும் சிஸ்டரைக் கண்ணால் கெஞ்சினோம். ஒரே ஒரு பறவை, எழுதித் தொலைத்தால் ஆள் குளிர்ந்துவிடுவார், வெடியைக்கூடத் தள்ளிப்போடுவார். பாஸ்கர் வாய்விட்டே கேட்டார். சிஸ்டர் அசையவில்லை. "ஒண்ண இல்லாம எழுதினா, இவரு எண்ணின எரநூத்தி அறுபத்தி மூணையும் யாரு நம்புவாங்க?" நம்பாவிட்டால் நல்லதுதானே என்று எங்களுக்குத் தோன்றியது. சிஸ்டருக்குத் தோன்றவில்லை.

கலியபெருமாள் நேரே மொபெட்டுக்குப் போய் வெடிப் பையைக் கழற்றினார். தீப்பெட்டியையும் எடுத்தார். எனக்குக் குஞ்சுகளைவிட முதலில் நினைவுக்கு வந்தது கணக்குதான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு சரக்கில் சந்தேகம் இருந்தால், அது தீரும்வரை அந்தச் சரக்கைக் கலைக்கக் கூடாது என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். அந்த நினைப்பில்தான் சொன்னேன்: "இப்ப வெடிச்சா அந்த எட்டாவது போயிடும் சார். அப்புறம் ஏழுன்னுதான் நிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார். சிஸ்டர் கையிலிருந்த நோட்டை வெகு நேரம் பார்த்தார். பிறகு பையை மறுபடி மொபெட்டில் மாட்டினார்.

"வர்ற ஞாயித்துக்கெழம வாங்க. நான் காட்டுறேன். காட்டிட்டு வெடிக்கிறேன்."

திரும்பும் பேருந்தில் பாஸ்கர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மிச்சமிருந்த மல்லாட்டையைப் பாதி கொடுத்தார். போனில் பார்த்தேன், அன்று 4.2 கிலோமீட்டர் நடந்திருக்கிறேன். கால் வலித்ததே தெரியவில்லை.

இரண்டாவது ஞாயிறும் போனேன். சுமதி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கலியபெருமாள் ஐந்தரைக்கே வந்து காத்திருந்தார், ஒரு பைனாகுலர் வேறு எங்கேயோ இரவல் வாங்கியிருந்தார். எட்டாவது வரவில்லை. ஏழையும் ஒவ்வொன்றாக எனக்கு அடையாளம் காட்டினார். ஒன்றுக்கு இறக்கையில் ஓர் இறகு இல்லை, ஒன்று எப்போதும் கிழக்கு மூலையில்தான் உட்காரும். இவ்வளவு தெரிந்தவர் எட்டு என்று சொன்னால் எட்டுதான் இருக்கும் என்று எனக்கே தோன்றிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு, அதாவது முந்தாநாள், 7.20க்கு அது வந்தது. மொட்டைக் கிளையில், இரண்டு இறக்கையையும் கொடியில் காயப்போட்ட வேட்டி போல விரித்துக்கொண்டு. கலியபெருமாள் மூச்சை அடக்கிக்கொண்டு கை நீட்டினார். மீதி ஏழும் அதனதன் இடத்தில் இருந்தன. நான் பைனாகுலரில் பார்த்தேன். கழுத்தின் வளைவுகூடத் தெரிந்தது. பக்கத்து மரத்தில் நீர்க்காகக் குஞ்சுகள் கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு வாரம் என்று சிஸ்டர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

"கிளை மாதிரி இருக்கு சார்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நம்ப முடியவில்லை. வியாதி குணமாகிக்கொண்டிருக்கிறது போல. பாஸ்கர் தொலைநோக்கியில் ஒரு நிமிஷம் குனிந்திருந்து, பனிமூட்டம் என்றார். வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சிஸ்டர் குனிந்தார். நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி குனிந்தார்.

"வெளிச்சம் எதிர்ல அடிக்குதுங்க. உறுதியா சொல்ல முடியல."

கலியபெருமாள் எங்கள் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். பிறகு அந்தக் குஞ்சுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியலன்னா எழுத வாணாம்மா" என்றார். "வர்ற வாரம் பாத்துக்கலாம்." அன்று மொபெட்டில் வெடிப் பை இல்லை என்பதைக் கிளம்பும்போதுதான் கவனித்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். போய்வர, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஒரு தடவைக்கு 1,180 ரூபாய். ஐந்தரைக்கே டீக்கடைக்கு வந்துவிடுங்கள், 6.05 பேருந்தை விட்டால் அடுத்தது 7.10. வெள்ளைச் சட்டை, சென்ட் கூடாது. தண்ணீர் இரண்டு பாட்டில் வேண்டும், ஒன்பது மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிள்ளைகள் இருந்தால், மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை இதே குழு விழுப்புரத்தில் பூச்சி பார்க்கும் நிகழ்ச்சி நடத்துகிறது, அதுவும் இலவசம். டீக்கடையில் சிஸ்டர் என்று கேட்டால் போதும்.

வரும் ஞாயிறுதான் நான்காவது ஞாயிறு, கூட்டம் அதிகம் வரும் என்கிறார்கள். டிபன் பாக்ஸில் உங்கள் கைக்கு எந்தச் சீட்டு வந்தாலும் ஒழுங்காக எண்ணிச் சரியாகச் சொல்லுங்கள், சிஸ்டர் பொல்லாதவர். பாம்புத்தாரா சீட்டு வந்தால் மட்டும், நன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, ஏழு என்று சொல்லுங்கள்.