நிலவைக் காட்ட மறுத்த பின்னேரம்

இலங்கையில் யுத்தகாலம். நிவித்திகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் தமிழ்க் கிளார்க். ஆசையாக வாங்கிய முதல் தொலைநோக்கியை ஒரு பின்னேரம் முற்றத்தில் நிறுத்தி, எதிர்மலை டவரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். பாதையில் போன சிங்கள ஊர்காவல்படைக்காரர் ஒருவர் நின்று துப்பாக்கி போல நீண்டிருந்த அந்தக் குழாயையே உற்றுப் பார்த்தார். பிறகு போனில் பேசியபடி வேகமாகப் போய்விட்டார்.

"ஏங்க, துவக்குனு நெனச்சிருப்பாரு. மொதல்ல கழட்டுங்க!" என்றாள் மனைவி.

குழாயின் அடியிலிருந்த கண்ணாடியைக் கழற்றித் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

இருட்டும் நேரத்தில் அவர் திரும்பி வந்தார். கூடவே ஒரு கர்ப்பிணிப் பெண்.

"என் மனைவி, மாத்தயா. போன் பண்ணி வரச்சொன்னேன். இவளுக்கு நிலவைக் காட்டுவீங்களா?" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்.

"பழுதாகிருச்சு" என்று பொய் சொன்னேன்.

அவள் முகம் வாடிவிட்டது. இருவரும் படியிறங்கியபோது எனக்குத் தாங்கவில்லை. கூப்பிட்டு நிறுத்தி, அவர்கள் கண்முன்னே அரிசி டின்னிலிருந்து கண்ணாடியை எடுத்தேன்.

"அரிசிக்குள்ள ஏன் வச்சீங்க?" என்று அவர் கேட்டார்.

"ஈரம் படாம இருக்க."

அவர் நம்பி, டார்ச் பிடித்தார். கண்ணாடியை மீண்டும் பொருத்தி, அதைச் சரிசெய்யும் மூன்று திருகாணிகளையும் மாறி மாறித் திருப்பினேன். மங்கலாகத் தெரிந்த நிலவு மெல்லத் தெளிந்தது. "அனே!" என்று வியந்த அவள், வயிற்றில் கை வைத்தபடி வெகுநேரம் பார்த்தாள்.

என்னைச் சந்தேகப்படுகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் கோபம் உண்டு. அன்று சந்தேகப்பட்டவன் நான்தான்.