வாவியைப் பார்த்த வாசல்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உப்புத் தரையில் நல்ல தண்ணீர்க் கிணறு தோண்டினேன்; பதினோரு இடத்தில் தோற்று, பன்னிரண்டாவது இடத்தில் தண்ணீரைக் கண்டேன். தங்கைக்குச் சீதனமாகக் கல்வீடு கட்டினேன், ஒரு மேசனையும் கூப்பிடாமல். சண்டை நடந்த வருடங்களில் முந்நூறு கோழிகளோடு பண்ணை வைத்திருந்தேன். ஷெல் அடிக்கிற கிழமைகளில் கோழி பயந்து முட்டையைக் குறைத்துவிடும். கூட்டைச் சுற்றி உமி மூட்டைகளை ஆளுயரத்துக்கு அடுக்கினேன். “கோழிக்குப் பங்கர் கட்டுறான்” என்று சிரித்தார்கள். முட்டை ஏறியதும் சிரித்தவர்களே உமி மூட்டை தேடி அலைந்தார்கள்.

பிறகு, அந்த மார்கழியில், கடல் ஊருக்குள் வந்தது. மனிதர்களை இழந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு எனக்குக் கை வராது. பண்ணை இருந்த இடத்தில் ஒரு தூண்கூட மிஞ்சவில்லை. அப்படி ஒன்றும் இல்லாத நிலையில், பள்ளிக்கூடத்து அகதி முகாமில் இருந்துகொண்டு ஒரு கோழிக்கூட்டைக் கட்டினேன். நான் கட்டியவற்றில் பெரியது அந்தச் சின்னக் கூடுதான். அதைத்தான் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர் வெளியாள் இல்லை. நான் கட்டிய கல்வீட்டில் குடியிருக்கிற என் மச்சான், தங்கையின் புருஷன், ஓய்வுபெற்ற வாத்தியார்.

இடத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு நீட்டுத் துண்டு நிலம். கிழக்கே கடல், மேற்கே வாவி என்கிற உப்பேரி. சூரியன் எழும் பக்கம் என்பதால் எழுவான்கரை. வாவியைத் தாண்டினால் வயலும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. அங்கே இருப்பவர்களுக்கு வாவி கிழக்கே இருக்கும். மச்சான் பிறந்தது படுவான்கரையில். எங்கள் பக்கத்து வழக்கப்படி, கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்கு வந்து எழுவான்கரைக்காரர் ஆனவர். இதை மறக்க வேண்டாம்.

கடல் வந்த அடுத்த வருடம், எங்கள் முகாமின் தற்காலிகக் கொட்டில்களில் இருந்த பெண்களுக்கு ஒரு நிவாரண நிறுவனம் கோழிக்குஞ்சு கொடுத்தது. ஆளுக்குப் பத்துக் குஞ்சும் ஒரு கம்பிக் கூண்டும். பெண்கள் எல்லோரும் கடல் தொழில் செய்த குடும்பங்கள். கோழியைச் சட்டியில் கண்டவர்களே தவிர, தாயில்லாமல் பெட்டியில் வருகிற குஞ்சை வளர்த்தவர்கள் இல்லை. கூண்டை வெறும் மணலில் வைத்தார்கள். ஒரு மாதம் முடிய முன்னமே பாதிக்கு மேல் போய்விட்டது. கீரி கொஞ்சம், குளிர் கொஞ்சம், கடல் ஏறிய கிணற்றின் உப்புத் தண்ணீர் மிச்சம்.

பக்கத்துக் கொட்டில் பெண்ணொருத்தி செத்த குஞ்சுகளைச் சுளகில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“அண்ணன், கோழிக்காரன் கோழிக்காரன் எண்டு சொல்லுறாங்களே உங்கள. இதப் பாத்துக்கொண்டு சும்மா இரிக்கிறீங்களே கா?”

அன்றுதான் எழும்பினேன். மூன்று மாதமாக ஒன்றுக்கும் எழும்பாமல் இருந்தவன்.

முதலில் வேண்டியது உயரம். இடுப்பளவு உயரத்தில் நான்கு காலில் கூட்டைத் தூக்கினேன். நிவாரணத்துக்கு வந்த எண்ணெய்த் தகரங்களை வெட்டி, ஒவ்வொரு காலிலும் கவிழ்த்த புனல்போலச் சுற்றி ஆணி அடித்தேன். கீரியும் பாம்பும் அதற்கு மேல் ஏறாது. தளத்துக்குக் கமுகஞ் சலாகை, சுண்டுவிரல் நுழையும் இடைவெளி விட்டு. எச்சம் கீழே விழும், கால் நனையாது. குஞ்சாக இருக்கும்போது மட்டும் சலாகையின் மேல் சாக்கை விரித்து உமி போட வேண்டும். கரண்ட் இல்லாத இடத்தில் சூட்டுக்கு என்ன செய்வது? பழைய மண்பானையின் வயிற்றில் துளைகள் போட்டு, அரிக்கன் லாம்பின் மேல் கவிழ்த்தேன். பானை சூடாகும், குஞ்சுகள் தாயை ஒட்டுவதுபோல அதைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். விலகி நின்றால் சூடு கூட, ஏறி மிதித்தால் சூடு குறைவு. வெப்பமானி வேண்டாம், குஞ்சைப் பார்த்தால் போதும்.

தண்ணீருக்குத் துளையிட்ட சோடாப் போத்தலைத் தட்டில் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் பவுசர் லொறியில் வரும் நல்ல தண்ணீர்தான், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் கூடாது. தீனிக்குக் குறுணலும் தவிடும். கருவாட்டுத் தூளை உப்புப் போகக் கழுவிக் காயவைத்துக் கலக்க வேண்டும். முட்டை ஓடு உறுதியாக இருக்க வாவி மட்டிச் சிப்பியை இடித்துப் போட வேண்டும். பேன் போகப் புரள்வதற்கு ஒரு பெட்டியில் அடுப்புச் சாம்பல். தடுப்பு மருந்துக்கு மிருக வைத்தியர் கந்தோருக்கு ஐஸ் போட்ட பிளாஸ்கோடு நானே சைக்கிளில் போய் வந்தேன். முதன்முதல் கோழி வளர்க்கிற ஒருத்திக்கு இவ்வளவும் இருந்தால் போதும். கூட்டில் ஒன்றும் கடையில் வாங்கிய சாமான் இல்லை. எல்லாம் அழிவில் பொறுக்கியது.

கடைசியாக வாசல். நான் கொட்டில் கொட்டிலாகப் போய்ச் சொன்ன வசனம் ஒன்றுதான்: “வாசல் வாவியைப் பாக்கட்டும்.” எங்கள் கரையில் அது சரி. மார்கழி வாடை வடகிழக்கால் வந்து அடிக்கும்போது கூட்டின் முதுகில் அடிக்கும். கச்சான் காற்று மேற்கால் வரும் வெயில் காலத்தில் வாசலால் காற்று உள்ளே போகும். வடக்கு, கிழக்கு என்று சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் திரும்புவார்கள். வாவி எங்கே என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த முறை குஞ்சு வந்தபோது ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் பிழைத்தன. நிறுவனத்துக்காரர்கள் படம் பிடித்தார்கள். பிறகு படுவான்கரையில் சண்டை மூண்டு, அங்கிருந்த சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் வந்து கூடாரங்களில் இருந்தது. அவர்களுக்கும் போய்க் கூடு கட்டிக் காட்டினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போனேன்.

அந்த நாட்களில்தான் மச்சான் கொப்பியோடு வந்தார்.

“மச்சான், நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன். உங்கட கையெழுத்தக் கண்டா கோழியே தன்ட கால் கிளறினதெண்டு நினைக்கும்.”

“கோழி கிளறினா புழுவாவது வரும். நீங்க எழுதி என்ன வரப்போகுது?”

“புத்தகம் வரும், மச்சான். உங்கட பேர் நிக்கும்.”

பத்துப் பதினைந்து பின்னேரங்கள் என் தங்கையின் முற்றத்தில் இருந்து சொன்னேன். அவர் எழுதினார். தங்கை தேத்தண்ணி தந்தாள். “ஆறுதலாச் சொல்லுங்க, எனக்குக் கை உளையுது” என்பார் மச்சான். நான் நிறுத்துவேன். ஒரு படித்த மனிதர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குப் பெருமை. அவரைவிட நான் உயரமாக இருந்த பின்னேரங்கள் அவை.

சண்டை ஓய்ந்தது. படுவான்கரைச் சனம் ஊர் திரும்பியது. அவர்களுக்குக் கொடுக்கவென்று அந்த நிறுவனமே புத்தகத்தை அச்சடித்தது. வெளியீடு பட்டணத்தில், புளியந்தீவில் ஒரு மண்டபத்தில். காட்சிக்கு வைக்க என் கூட்டைக் கேட்டார்கள். லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஏற்றி நானே கொண்டுபோனேன். வெள்ளைச் சேட்டு போட்டுப் போயிருந்தேன். கூட்டை இறக்கியதில் தோளில் தகரக் கறை பட்டுவிட்டது. மேடையில் ஏறும்போது கறை தெரியுமே என்றுதான் எனக்குக் கவலை.

மேடைக்கு என்னைக் கூப்பிடவில்லை. மச்சானுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “ஆசிரியரின் பல வருட அனுபவம்” என்றார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார், நானும் தட்டினேன். அது இப்போதும் என்னைக் குத்துகிறது.

புத்தகத்தை விரல் வைத்துத்தான் நான் வாசிப்பேன். முன்னால் மச்சானின் பெயர். பின்னட்டையில் அவருடைய படம். நன்றி சொன்ன பக்கத்தில் வாகனச் சாரதி இருக்கிறார், சிற்றுண்டி தந்தவர் இருக்கிறார். மூன்று தரம் விரலை ஓட்டினேன். நான் இல்லை. முன்னட்டையில் என் கூடு. அதன் காலை ஒரு கை பிடித்திருக்கிறது, மோதிர விரலில் பாதி இல்லாத கை. மரம் அறுக்கிற வாளில் போன என் விரல் அது. மணிக்கட்டோடு படத்தை வெட்டியிருந்தார்கள். மண்டபம் கலைந்ததும் கூட்டைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். தங்கைக்காக ஒன்றும் கேட்கவில்லை. அவள் குசினியில் நின்று அழுவதை நான் சின்ன வயதிலேயே போதுமான அளவு கண்டிருக்கிறேன்.

அப்படியே போயிருக்கும். மார்கழி வந்தது.

வாடை தொடங்கி இரண்டாம் கிழமை, படுவான்கரையிலிருந்து ஒரு பெண் வந்தாள். வாவியைக் கடக்கிற பாதைப் படகில் வந்து, சேறு காயாத காலோடு என் வாசலில் நின்றாள். முன்பு எங்கள் பக்கம் கூடாரத்தில் இருந்தவள். புருஷன் இல்லை. கையில் அந்தப் புத்தகம், நனைந்து ஊதிப்போய்.

“குஞ்சு எல்லாம் முடிஞ்சிது, அண்ணன். மழை நேரா உள்ளுக்குள்ள அடிச்சிது. எங்கட பக்கம் பதிமூண்டு வீட்டிலயும் இதே கதைதான்.”

“வாசல எங்க வெச்ச?”

“வாவியப் பாத்து. நீங்கதானே சொன்னீங்க?”

“நான் எங்க சொன்னன்? புத்தகத்தில ஆருட பேர் இரிக்கு?”

“பேர் வாத்தியார்ட. சொல்லு உங்கட.” அவள் பக்கத்தைத் திறந்து காட்டினாள். “இந்த வசனத்த நீங்க கூடாரத்துக்க வந்து சொன்ன நேரம் நான் பக்கத்தில நிண்டன். எனக்குத் தெரியாதா?”

விரல் வைத்து வாசித்தேன். “வாசல் வாவியைப் பார்க்கட்டும்.” கரை எது, காற்று எது, ஒன்றும் இல்லை. படுவான்கரையில் வாவியைப் பார்த்து வாசல் வைத்தால், வாடைக்குக் கதவைத் திறந்து வா என்று கூப்பிட்டமாதிரி. அந்தக் கூடுகள் தண்ணீரை ஏந்தத்தான் நின்றிருக்கின்றன.

எனக்குக் கிடைத்த முதல் மதிப்பு அதுதான். நல்லது நடந்தபோது பெயர் அவருக்கு, குஞ்சு செத்தபோது என் வாசல்.

அவளோடு பாதைப் படகில் ஏறினேன். பதிமூன்று கூட்டையும், மூன்று நாள், மழையில் நின்று திருப்பி வைத்தேன். சில கூடுகளின் கால் மண்ணில் இறுகிக் கிடந்தது, கிண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரே சொல்: “வாவிக்கு முதுகு, வாடைக்கு முதுகு.” வைதவர்களும் இருந்தார்கள். ஒரு கிழவர், “அந்தக் கரைப் புத்திய இந்தக் கரையில கொண்டு வந்து நட்டீங்க” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு கிண்டினேன். புத்தகத்தில் பெயர் போட்டவர் வந்து கிண்டவில்லை.

நான்காம் நாள் மச்சானிடம் போனேன். முற்றத்தில் அதே கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க பிறந்த கரைதானே அது. வாடை எந்தப் பக்கத்தால வரும் எண்டு உங்களுக்குத் தெரியாதா, மச்சான்?”

கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க சொன்னதத்தான் எழுதினன். ஒரு சொல்லும் மாத்தல்ல.”

“ஒரு சொல்லும் மாத்தல்ல?”

“ஒரு சொல்லும் மாத்தல்ல. பிழை எண்டா அது உங்கட பிழை.”

“அப்ப பேரை மட்டும் எப்படி மாத்தினீங்க?”

அவர் பேப்பரை மடித்தார். திரும்ப விரித்தார். தங்கை தேத்தண்ணியோடு வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. அந்த வீட்டில் இன்றுவரை ஒன்றும் குடிக்கவில்லை.

இப்போது அந்தப் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கப் போகிறார்களாம். வாசல் பற்றிய வசனத்தைத் திருத்தித் தரும்படி என்னிடமே ஆள் அனுப்பினார்கள். திருத்தம் தருவேன். சும்மா தரமாட்டேன். அதனால்தான் இந்த முறை யாருக்கும் சொல்லி எழுதுவிக்காமல், கோழி கிளறினமாதிரி என்றாலும், என் கையாலேயே எழுதுகிறேன்.

எனக்குச் சாட்சி வேண்டாம். அந்தப் பிழையே சாட்சி. படுவான்கரையில் பிறந்து, மார்கழி வாடையைக் கிழக்கு வாசலால் வாங்கி வளர்ந்த ஒரு மனிதர் வாயில் “வாசல் வாவியைப் பார்க்கட்டும்” என்று ஒருநாளும் வராது. அது எழுவான்கரைக்காரன் பேச்சு. என் பேச்சு. தகரப் புனலும் துளைப் பானையும் யார் யோசனை என்று கேட்டால் ஆயிரம் பேர் உரிமை கோரலாம். அந்தப் பிழைக்கு என்னைத் தவிர வேறு சொந்தக்காரன் இல்லை. பதிமூன்று வீட்டுக் குஞ்சும் என் வசனத்தால் செத்தன. அதை நான் ஏற்கிறேன், அச்சிலும் ஏற்கிறேன்.

ஆகவே நிறுவனத்தாருக்கும் மச்சானுக்கும் சொல்கிறேன். முதல் பக்கத்தில், நன்றி என்று கடைசியில் இல்லை, முதல் பக்கத்தில், இந்தக் கூடு யாருடையது, இந்தச் சொற்கள் யார் வாயால் வந்தவை என்று என் பெயரைப் போடுங்கள். வாசல் பிழையையும் அதே பெயரின் கீழ் போடுங்கள். அட்டைப் படத்தில் அந்தக் கைக்கு உரிய ஆளையும் சேர்த்து அச்சடியுங்கள்.