பெரியப்பா திருத்திய கதைப்புத்தகம்

எங்கள் பெரியப்பா யாரையும் நம்பமாட்டார். பாலை முகர்ந்து பார்ப்பார், பிறகு பால்காரரையும் மேலும் கீழும் பார்ப்பார். யாராவது சிரித்த முகத்தோடு கதவைத் தட்டினால், சிரிப்புக்குக் காரணம் தெரியும்வரை சங்கிலியைக் கழற்றமாட்டார். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் சிவப்பு மை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்களை உட்காரவைத்து, அதிலிருந்த பிழைகளைத் திருத்தி அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்த மனிதர். அந்தக் குடும்பம் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. நான் மாடி வீட்டில் குடியிருக்கிற தம்பி மகள் என்பதால் அந்தக் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஆனால் அவருடைய பரம எதிரி ஒரு கதைப்புத்தகம். கலங்கரை விளக்கத்தில் வளரும் ஓர் அக்காவும் தம்பியும், பேசத் தெரிந்த ஒரு கிழட்டு வாத்தும் வருகிற பழைய ஆங்கில நாவல். ஏழாம் வகுப்புக்குத் துணைப்பாடமாக வைத்திருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வருஷா வருஷம் நடத்தினார். ‘அண்ட்’ என்று வாக்கியத்தை ஆரம்பிக்கக்கூடாது என்று இவர் கரும்பலகையில் எழுதிப் போடுவார். புத்தகம் பத்திக்குப் பத்தி ‘அண்ட்’ என்றே ஆரம்பிக்கும். தம்பிக்காரன் ஓடிவந்து மூச்சுவிடாமல் பேசினால், வாக்கியமும் முற்றுப்புள்ளி இல்லாமல் அரைப் பக்கம் ஓடும். வாத்தின் பேச்சில் எழுவாய் ஒரு பக்கம் போகும், வினைச்சொல் ஒரு பக்கம் போகும். எழுதியவரோ கதையை நடுவில் நிறுத்திவிட்டு, உனக்கும் இப்படி ஒருநாள் ஆகியிருக்குமே என்று படிப்பவரிடம் பேச வந்துவிடுவார். இத்தனை பேர் கொண்டாடுகிற ஆள் இத்தனை தப்பு செய்வாரா, இதில் ஏதோ சூது இருக்கிறது என்பது பெரியப்பாவின் கட்சி. தன் பிரதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை சிவப்பு மையால் திருத்தி வைத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தைப் பெரியம்மா படித்துக்கொண்டிருந்ததை ஒரு மத்தியானம் பார்த்துவிட்டார். பெரியம்மா பத்தாவதோடு நின்றவர். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார், அதற்கு மேல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எதற்குப் படிக்கிறாய் என்று கேட்டதற்குச் சும்மா என்றிருக்கிறார். சும்மா என்ற சொல்லைவிடப் பெரியப்பாவைக் கலங்கடிக்கக்கூடியது எதுவும் கிடையாது. விறுவிறுவென்று மாடியேறி வந்தார்.

“உன் பெரியம்மா இங்கிலீஷ் படிக்கிறா.”

“நல்லதுதானே பெரியப்பா?”

“என்ன நல்லது? வெளிநாட்டுல இருக்கிற மகளோட போன்ல குசுகுசுன்னு பேச்சு. நான் போனா நிறுத்திடறாங்க. அவ என்னை விட்டுட்டுப் போகப் போறா, பார்த்துக்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. போன மாதம்தான் எதிர்வீட்டுப் பூனையை யாரோ ஏவிவிடுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். “கல்யாணமாகி எவ்வளவு காலமாச்சு, இப்போ போய் எங்க விட்டுட்டுப் போவாங்க?” என்றேன். அவர் என்னையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்து புத்தகத்தை ஒளித்துவைத்தார். எங்கே? அரிசி டப்பாவில். அந்த வீட்டில் அரிசி டப்பாவைத் தினமும் திறப்பது யார் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பெரியம்மா தூசி தட்டி எடுத்துக்கொண்டு வாசிப்பைத் தொடர்ந்தார். போன் பேச்சை ஒட்டுக்கேட்டும் பலனில்லை என்றானதும் பெரியப்பா வேறு வழி கண்டுபிடித்தார். தானே சொல்லித் தருவதாக அறிவித்தார். பாடமும் ஆச்சு, காவலும் ஆச்சு.

சாயங்காலங்களில் சாப்பாட்டு மேசையில் வகுப்பு நடந்தது. காபி குடிக்கும் சாக்கில் நானும் போய் உட்காருவேன். பெரியம்மா சத்தமாக வாசிப்பார். பெரியப்பா பேனாவும் கையுமாக எதிரில் இருப்பார்.

“அடிச்சிருக்கேன் பாரு. அந்த அண்ட் வேண்டாம். நான் மேல எழுதினதைப் படி.”

“நான் அச்சுல இருக்கறதையே படிக்கிறேங்க.”

“அது தப்பு.”

“எனக்குப் புரியுதே. நீங்க எழுதினதுதான் புரியலை.”

நான் காபியை முழுங்க முடியாமல் தவித்தேன். உண்மையில் பெரியம்மாவின் வாசிப்பு நாளுக்கு நாள் சரளமாகிக்கொண்டு வந்தது. வாத்து பேசினால் வாத்தைப் போலவே இழுத்துப் பேசுவார். தம்பி பேசினால் அவருக்கும் மூச்சு வாங்கும். பெரியப்பா பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை அவர் கேட்கவே இல்லை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒருநாள், எழுதியவர் படிப்பவரோடு பேச வரும் ஓர் இடம் வந்தது. அந்தப் பத்தி முழுவதையும் பெரியப்பா குறுக்கே அடித்திருந்தார்.

“இதை விட்டுட்டு அடுத்த பத்திக்குப் போ. படிக்கறது யாருன்னே இவனுக்குத் தெரியாது. நெருங்கின சிநேகிதன் மாதிரி ‘நீ’, ‘உனக்கு’ன்னு பேசறான். இது ஆளை மயக்குற வேலை.”

“இருக்கட்டுமே. இந்தப் புத்தகத்துலயாவது ஒருத்தர் என்னைப் பார்த்து, உனக்கு எப்படி இருக்குன்னு கேக்கறார்.”

பெரியப்பா பேனாவை மூடினார்.

“உண்மையைச் சொல்லு. எதுக்குப் படிக்கற?”

“நம்ம பொண்ணு அங்க குழந்தைகள் காப்பகம் நடத்தறா இல்லையா, அதுல பிள்ளைகளுக்குக் கதை படிச்சுக் காட்ட ஆள் வேணும். நான் போறேன். வாசிக்கவும் பேசவும் போன்லயே தேர்வு வெச்சாங்க, தேறிட்டேன்.”

“எத்தனை நாளைக்கு?”

பெரியம்மா புத்தகத்தை மூடி வைத்தார். “திரும்பி வர்றதா நினைக்கலைங்க.”

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். எனக்குத் தெரிந்து அவர் சந்தேகப்பட்டதில் நிஜமானது இது ஒன்றுதான். அன்று சிரித்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது. பெரியம்மாவுக்காகச் சந்தோஷப்படுவதா, இவருக்காக அழுவதா என்றும் தெரியவில்லை.

“அப்போ நான்?” என்றார்.

“அவ முதல்ல கூப்பிட்டது உங்களைத்தான். ரெண்டு பேரும் வாங்கப்பான்னா. திடீர்னு என்ன பாசம், பின்னால ஏதோ இருக்குன்னு சொல்லி நீங்கதான் போனை வெச்சீங்க. அவ அன்னைக்கு அழுதா.”

பெரியப்பா மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவினார். “இப்போ கேட்டா வரச் சொல்லுவாளா?” என்றார்.

பெரியம்மா மகளின் எண்ணை அழுத்தி, கைப்பேசியை அவர் பக்கம் நகர்த்தினார். அந்தப் பக்கம் மணி அடிப்பது எங்களுக்கெல்லாம் கேட்டது. மகள் எடுப்பதற்குள் பெரியப்பா அவசரமாக அதை அணைத்துவிட்டார்.

“வேண்டாம்” என்றார். “நான் கேட்டா, இவர் எதுக்குக் கேக்கறார்னு அவ சந்தேகப்படுவா.”