ஒரு ‘அப்’ செய்த கூத்து

றிப்ஷான் கத்தாரில் இருந்த ஆண்டுகளில் காத்தான்குடி வீட்டைத் தாங்கியது அவர் மனைவி றுமானாவின் தறி. றுமானா நெய்த, லுங்கிபோல உடுத்தும் சாறன்களை வியாபாரிகள் தங்கள் பெயரிலேயே விற்றார்கள். இந்த முறைதான், கொழும்பில் கடை வைத்திருக்கும் பழுகாமத்து நிருஷா, ‘றுமானா நெசவு’ என்று பெயர்த்துண்டு தைத்து விற்பதாகச் சொல்லி ஒரு பொதி வாங்கியிருந்தாள். அந்தப் பெயர் நிலைக்குமா என்பதே றுமானாவின் கவலை.

அப்போதுதான் நிருஷாவின் குறுஞ்செய்தி வந்தது: ‘ஆல் ஸ்னப்ட் அப். ஸென்ட் த ஸேம் அகெய்ன்.’

இப்போது ஊர் திரும்பியிருந்த றிப்ஷான் அதை வாசித்து முகம் சுருக்கினார்.

“கத்தாரில கிரேன் கயிறு அறுந்தா சுப்பவைசர் ‘ஸ்னப்ட்’ எண்டுதான் கத்துவான். எல்லாம் அறுந்து போச்சாம் புள்ள. திரும்ப அனுப்பட்டாம்.”

றுமானா மிச்சமிருந்த சாறனை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார்.

“இழுங்க பாப்பம்.”

இழுத்த இழுப்பில் பிடி நழுவி றிப்ஷான்தான் தரையில் உட்கார்ந்தார். சாறனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“இது அறலியே புள்ள!”

“உங்கட பலத்துக்கு அறாதுதான். வாங்கின சனத்துக்கு அறுந்தா அறுந்ததுதானே.”

“நிருஷாட்டக் கேளன்.”

“வெறுங்கையோட என்னத்தக் கதைக்கிற? நல்லதக் குடுத்துட்டுக் கதைப்பம்.”

றுமானா தறியில் புதிதாகப் பாவு நூல் ஏற்றினார். ஒவ்வொரு இழையையும் விரலில் ஓட்டிப் பார்த்து, நொய்ந்ததைக் கழித்துவிட்டே நெய்தார். மணிக்கட்டு வீங்கியும் நிறுத்தவில்லை. பொதியை அனுப்பிய பிறகுதான் போனை எடுத்தார்.

“தங்கச்சி, அறுந்ததுக்கெல்லாம் பதிலா வேற சாறன் அனுப்பியிருக்கன். இதுக்கு ஒண்டும் தர வேணாம்.”

“என்னகா சொல்லுறீங்க? ஆரு சொன்ன அறுந்ததெண்டு?”

“நீங்கதானே, ஸ்னப்ட் எண்டு…”

நிருஷா சிரித்த சிரிப்பு றிப்ஷானுக்கும் கேட்டது.

“ஐயோ அக்கா! வெறும் ஸ்னப் எண்டாத்தான் அறுறது. ‘அப்’ சேர்ந்தா வேற. வாவியில கொடுவா மீன் இரையக் கண்டதும் பாஞ்சு கவ்வுமே, அதுபோல, மத்தவன் கை வைக்க முந்தி பாஞ்சு வாங்குறது. கடை திறந்த கையோட உங்கட சாறன அள்ளிட்டுப் போயிட்டாங்க. இப்ப பேரச் சொல்லிக் கேக்காங்க!”

றுமானா போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

“அப்ப… இந்தப் பொதிக்கும் என்ட பேரத்தானே தைப்பீங்க?”

“வேற ஆர்ர பேரகா தைக்கிற?”

மறுநாள் காலை தறியில் இழையொன்று பட்டென்று அறுந்தது. முடிச்சுப் போட்டுக்கொண்டே றுமானா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

“இஞ்ச வந்து பாருங்க, இதுதான் உங்கட ‘அப்’ இல்லாத ஸ்னப்!”